இரும்புக்கை மாயாவியும் நம்ம மலையும்

இரும்புக்கை மாயாவி முடிந்துபோன தொடரா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற தொடரா? இங்கிலாந்துக்காரரிடம் கேட்டால், அது 1970களின் தொடக்கத்திலேயே முடிந்த சமாச்சாரம் என்பார். தமிழ் வாசகரிடம் கேட்டால் பதில் வேற. நமக்கு அது நின்றதே இல்லை. ஒரு தலைமுறை படித்துக் கிழித்துப் போட்டதும் அடுத்த தலைமுறைக்கு மறுபதிப்பு வந்துவிடுகிறது. இந்தப் பெயரில் படம் எடுக்க ஆசை என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொல்லிச் சொல்லி, புத்தகத்தைக் கண்ணாலேயே பார்க்காத தம்பி தங்கச்சிகளுக்கும் பெயர் பழகிவிட்டது.

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து கூடுகிற நாங்கள், கையில் கிடைத்த மாயாவிகளை எல்லாம் மாற்றி மாற்றிப் படித்தோம். கொஞ்சம் புத்தகம், மிச்சம் போனில். படித்து முடித்துப் பேச உட்கார்ந்தபோது ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். "இதைப்போல ஒரு விறுவிறுப்பு வருமா"ன்னு ஒரு கட்சி. "இது யாருடைய கதை, நாம ஏன் இதைத் தூக்கிச் சுமக்கணும்"னு இன்னொரு கட்சி. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சில் இருந்து வந்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இந்தக் கதை எங்கிருந்து வந்தது, அது வந்த காலத்தில் இந்த மலையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஒன்றாக வைத்துப் பார்க்கிறோம்.

லண்டன், பார்சலோனா, சிவகாசி

1962 ஒக்டோபர் 6ஆம் திகதி பிரித்தானியாவில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே 'தி ஸ்டீல் குளோ' என்ற தொடரும் ஆரம்பம். எழுதியவர் கென் பல்மர், பிறகு டொம் டல்லி. வரைந்தவர் பார்சலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அந்தப் படங்கள் பழசாகவில்லை. கறுப்பு மையில் நிழலையும் வெளிச்சத்தையும் அந்த மனுசன் கையாண்ட விதத்துக்காகவே எங்களில் ரெண்டு பேர் வரையத் தொடங்கியிருக்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வுகூட உதவியாளன். பேராசிரியர் பாரிஞ்சரிடம் வேலை. ஒரு விபத்தில் வலது கை போய், இரும்புக்கை பொருத்தப்பட்டவன். ஆய்வுகூடத்தில் நடக்கும் இன்னொரு விபத்தில் அவன் உடம்பில் கடுமையான மின்சாரம் பாய்கிறது. உடம்பு மறைந்துபோகிறது, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. மின்சாரத்தின் வேகம் தீர்ந்ததும் உருவம் திரும்பி வரும். மறுபடி மறைய மறுபடி மின்சாரத்தைத் தொடணும்.

முதல் கதையில் அவன் நல்லவன் கிடையாது. சக்தி கிடைத்ததும் கொள்ளையடிக்கிறான், ஊரை மிரட்டுகிறான். எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலின் வாரிசு அவன். பிற்பாடுதான் திருந்தி, நிழல் படை என்ற இரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான். அதற்குப் பிறகு அந்த விரல்களுக்குள் துப்பாக்கி, வானொலி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது.

1972இல் சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆரம்பகாலத்தில் ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். அங்கே வாரத்துக்கு ரெண்டு மூன்று பக்கமாக வந்ததை ஒன்றுசேர்த்து, இங்கே ஒரே புத்தகமாகக் கொடுத்தார்கள். அதனால் நமக்குக் கிடைத்த மாயாவிக்கு ஓட்டம் இன்னும் வேகம். பாம்புத் தீவு, பாதாள நகரம், உறைபனி மர்மம், நாச அலைகள் என்று தலைப்புகளே சிறுவர்களை இழுத்தன.

பெயரையும் பாருங்கள். ஆங்கிலத் தலைப்பில் இருந்தது அந்த எஃகு நகம் மட்டும்தான். தமிழில் 'மாயாவி' என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது. கூத்திலும் அம்புலிமாமாக் கதையிலும் பழகிய சொல். ஆய்வுகூடத்தில் பிறந்தவனை நம்ம ஆளுக மந்திரவாதிப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். விஞ்ஞானக் கதை என்ற மிரட்சி இல்லாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்ததற்கு இந்தப் பெயருக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறோம்.

அந்த 1972இல் இங்கே

முத்து காமிக்ஸ் சிவகாசியில் பிறந்த காலம் இலங்கையில் சாதாரண காலம் இல்லை. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அரிசி, மா, துணி மட்டும் இல்லை, இந்தியச் சஞ்சிகைகளும் அதில் அடிபட்டன. உள்ளூர் எழுத்துக்கு அது ஒரு வாசலைத் திறந்தது உண்மை. வீரகேசரி பிரசுரங்கள் நாவல் நாவலாகப் போட்டது அந்தக் காலத்தில்தான். சிங்களத்தில் 'சதுட்ட', 'சித்தர' போன்ற சித்திரக்கதை வாரப் பத்திரிகைகள் பெருகியதும் அந்தப் பத்தாண்டில்தான். தமிழில் அந்த அளவுக்கு ஒரு சித்திரக்கதைப் பத்திரிகை இங்கே வேர்விடவில்லை. 1977இல் கதவு திறந்ததும் இந்தியப் புத்தகம் மறுபடி வந்து குவிந்தது. நாமே வரைந்து பழகவேண்டிய காலத்தில் பழகாமல் விட்டதன் கடன் இன்றுவரை நம் தலையில் இருக்கிறது.

தோட்டத்துக் கதை இதைவிடக் கசப்பு. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தையும் 1974இல் ரெண்டு நாடும் ஆளுக்குப் பாதி, அதாவது 75,000 என்று பங்குபோட்டுக்கொண்டன. அட்டன், தலவாக்கலை, வட்டகொடை ஸ்டேஷன்களில் இருந்து கோச்சியேறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கியவர்கள் நம்ம சொந்தபந்தங்கள். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் பசியில் செத்தவர்கள் உண்டு.

அப்ப இதுதான் நிலைமை: சிவகாசியில் பிள்ளைகள் மாயாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடின வருசங்களில், இந்த மலையில் ஆட்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தாத்தாமாரில் பலருக்கு மாயாவியைப் பற்றிப் பால்ய நினைவு எதுவும் கிடையாது. மாயாவி என்றாலே தமிழர் எல்லாருக்கும் ஒரே ஏக்கம் என்று யாராவது எழுதினால், அதில் நம்ம பங்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கணும். இங்கே மாயாவி பெரும்பாலும் 1977க்குப் பிறகு, அதுவும் டவுனுக்குப் போய்வருகிறவர்கள் வழியாக வந்தவன்.

தொடுவதற்குக் கரண்ட் வேண்டுமே

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னது: "அவன் நம்ம லயத்துல பொறந்திருந்தா மறைஞ்சிருக்கவே முடியாதுப்பா. தொடுறதுக்குக் கம்பி எங்க இருந்துச்சு?" எல்லோரும் சிரித்தோம். ஆனா யோசித்துப் பார்த்தா அது சிரிக்கிற விசயம் இல்லை.

மலையகத்துக்கு மின்சாரம் புதுசு இல்லை. தேயிலை ஸ்டோர்களை ஓட்டுவதற்கு ஓடைத் தண்ணீரில் சின்னச் சின்ன டர்பைன்களைத் துரைமார் வெள்ளைக்காரன் காலத்திலேயே வைத்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான தோட்டங்களில் அவை ஓடின. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழும்பின. மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா டவுனே மூழ்கியது. தண்ணீர் வற்றுகிற காலத்தில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் இன்னும் தலைகாட்டும். 1985இல் கொத்மலை. 2012இல் நம்ம பக்கத்திலேயே, தலவாக்கலையில், 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம்.

இவ்வளவு மின்சாரமும் இந்த மலைத் தண்ணீரில் பிறந்தது. ஆனால் பெரும்பாலான லயக் காம்பராக்களுக்கு லைட் வந்தது 1990களுக்குப் பிறகுதான். தலைக்கு மேலே ஹைடென்ஷன் கம்பி கொழும்புக்குப் போகும், கீழே குப்பி லாம்பில் பிள்ளைகள் படிக்கும். ஸ்டோருக்குள்ளே ரோலரும், பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் கம்பனி செய்த சிரோக்கோ அடுப்பும் ஓடும். கொழுந்து மட்டும் கையால்தான் வரணும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட நாளில் இருந்து அப்படித்தான்.

இதைச் சொல்வது மாயாவியைக் குற்றம் சொல்ல இல்லை. ஒரு விஞ்ஞானக் கதையைப் படிக்கிறபோது, அந்த விஞ்ஞானம் நம்ம வீட்டுக்கு எந்த வழியாக வந்தது, எவ்வளவு பிந்தி வந்தது என்று கேட்காமல் எங்களால் படிக்க முடியவில்லை. வேலியண்ட் வாசித்த லண்டன் பையனுக்கு மின்சாரம் என்பது சுவரில் இருக்கிற பிளக். அவனுக்கு அது விளையாட்டு. நமக்கு அது ஒரு வரலாறு.

மறைந்துபோவது சக்தியா?

எங்களுக்குள் அதிகம் சண்டை வந்தது இங்கேதான். மறைந்துபோவதுதான் மாயாவியின் பலம். பூட்டிய அறைக்குள் போகலாம், எதிரியின் திட்டத்தைக் கேட்கலாம். பதினொரு பன்னிரண்டு வயதில் யாருக்குத்தான் அந்த ஆசை இருக்காது?

ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை வேறு விதமாக மறைத்தது. 1952 பொதுத்தேர்தலில் நம்ம ஆட்களில் மிகப் பெரும்பாலானோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஆள் இருக்கிறான், செக்ரோலில் பேர் விழுகிறது, கூடை நிறைகிறது, ஆனால் நாட்டின் கணக்கில் ஆளைக் காணோம். வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலை எம்.பி.யாகப் பாராளுமன்றம் போனவர். அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு அடுத்த தேர்தலில் வாக்கு இல்லை. நாடற்றவர் என்ற சொல்லுக்கு எழுத்தில் உருவம் கொடுக்கவே அந்த மனுசன் பாதி ஆயுளைச் செலவழித்தார். அந்தப் பிரச்சினை சட்டத்தில் ஓர் முடிவுக்கு வந்தது 2003இல்.

"மறையிறது ஹீரோவுக்கு சக்தி, நமக்கு அதுதான் வியாதி"ன்னு எங்களில் ஒரு தங்கச்சி சொன்னாள். எதிர்க்கட்சி உடனே மறுத்தது: "மாயாவி மறைந்தாலும் கை தெரியுது இல்ல? அந்தக் கையைப் பார்த்துத்தானே எல்லாரும் பயப்படுறாங்க. வேலை செய்யிற கை மறையாதுன்னு கதையே சொல்லுது." ரெண்டு வாசிப்பும் எங்களுக்குப் பிடித்தது. எழுதியவர் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார். அதனால் என்ன, படிக்கிறது நாம்தானே.

ஆர்ச்சி விசயத்தில் இவ்வளவு தாராளம் முடியாது

மாயாவியோடு சேர்ந்து வளர்ந்த இன்னொரு ஆள் ஆர்ச்சி. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் அவனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. வாயாடி ரோபோ. அவன் சவடால் விடுகிற வசனங்களுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். தமிழாக்கத்தில் அந்த நக்கல் இன்னும் தூக்கல்.

ஆனால் ஆர்ச்சியின் பிறப்பைப் பாருங்கள். 1952இல் பிரித்தானிய 'லயன்' இதழில் வந்தபோது தொடரின் பெயரே 'காட்டு ரோபோ'. ரெண்டு வெள்ளைக்கார வாலிபர்கள், கூட ஓர் இரும்பு மனிதன், ஒரு காடு. அங்கே இருக்கிற மக்கள் ஈட்டி தூக்கிக் கத்துவார்கள், இயந்திரத்தைக் கண்டு கும்பிடுவார்கள், இல்லாவிட்டால் ஓடுவார்கள். அவர்களுக்குப் பெயரும் இல்லை, வீடும் இல்லை. காலனி நாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பிரித்தானியச் சிறுவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் கதை இது.

அந்தக் கட்டங்களில் நாம் யார் பக்கம்? படிக்கும்போது ஆர்ச்சி பக்கம்தான் நிற்கிறோம், அப்படித்தான் கதை நம்மை நிறுத்துகிறது. ஆனால் காட்டை வெட்டித் தோட்டமாக்கக் கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தத் துரைமாரின் கடிதத்திலும் குறிப்பேட்டிலும் நம்ம பாட்டன்மாரும் அந்த ஈட்டிக்காரர்கள் மாதிரியே பெயரில்லாத கூட்டமாகத்தான் வருகிறார்கள்.

இன்னொன்று. 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகம். 'ரொபோட்டா' என்றால் செக் மொழியில் கட்டாய உழைப்பு, பண்ணையாருக்குச் செய்யவேண்டிய கூலியில்லா வேலை. நாடகத்தின் கடைசியில் ரோபோக்கள் எழும்பி முதலாளிகளுக்கு எதிராகப் போகும். ஆர்ச்சியில் அந்தப் பேச்சே இல்லை. பசிக்காது, சம்பளம் கேட்காது, சங்கம் சேராது, எசமானுக்காக அடிபடும். துரைமார் கனவு கண்ட தொழிலாளி. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கைக்கு வருசக்கணக்காக ரோட்டில் நின்று, 2021இல்தான் வர்த்தமானியில் அதைப் பார்த்த ஊரில் இதைச் சிரித்துக்கொண்டே கடந்து போகக் கஷ்டமாக இருக்கிறது.

மாயாவிக்கும் ஆர்ச்சிக்கும் பொதுவான இன்னொரு குறை, பெண்கள் அநேகமாக இல்லவே இல்லை. பையன்களுக்கென்று நடத்திய இதழ்கள் அவை. லயன் காமிக்ஸ் தமிழில் முதல் இதழாகப் போட்டது மாடஸ்டி பிளைசி என்ற பெண் நாயகியின் கதை என்பது ஞாபகத்தில் வைக்கவேண்டிய விசயம். இருந்தும் கூட்டத்தில் நின்று நிலைத்தவர்கள் ஆண்கள்தான். மலையில் கொழுந்து எடுப்பவர்களில் அநேகர் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கிற சாகசக் கதையில் ஒரு அம்மாவும் அக்காவும் இல்லை.

விலையும் மறுபதிப்பும்

2012இல் ஆசிரியர் எஸ். விஜயன் லயன், முத்து இரண்டையும் நல்ல தாளில், வண்ணத்தில் புதுசாக நடத்தத் தொடங்கினார். அரை நூற்றாண்டு தாண்டியும் ஒரு தமிழ்ச் சித்திரக்கதை நிறுவனம் நின்று நிலைக்கிறது என்றால் அது லேசான காரியம் இல்லை. அதற்கு மரியாதை உண்டு. பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலிக் கதைகளையும் அவர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எங்கள் மனத்தாங்கல் ரெண்டு. ஒன்று, இந்தியாவில் 100 ரூபாய் புத்தகம் இலங்கைக் காசில் 300க்கு மேல். கடல் கடந்து வந்து கொழும்புக் கடையில் ஏறும்போது இன்னும் கூடும். ஒருநாள் பேரில் கணிசமான பங்கு ஒரு காமிக்ஸுக்குப் போகும். அதனால்தான் பிள்ளைகள் போனில் தேடிப் படிக்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறோம்.

ரெண்டாவது, மறுபதிப்பில் மாயாவி மறுபடி மறுபடி வருகிறான், ஆனால் வளர்வதில்லை. வாங்குகிறவர்களில் பலர் தங்கள் பழைய வயதைத் தேடி வாங்குகிறார்கள். அந்த ஏக்கத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஏக்கம் கிடையாது. அவளுக்குக் கதை மட்டும்தான் முன்னால் இருக்கிறது. பிரித்தானியாவில் ரெபெல்லியன் நிறுவனம் இந்தப் பழைய பாத்திரங்களின் உரிமையை வாங்கி, 'ஸ்டீல் குளோ'வைப் புதிய தொகுப்பாக 2021இல் வெளியிட்டது. அவர்களும் பழைய பெட்டியைத்தான் திறக்கிறார்கள்.

அப்ப என்ன செய்றது?

தூக்கி எறியலாம் என்ற கட்சி கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தது. சும்மா கொண்டாடலாம் என்ற கட்சியும் ஒரு படி இறங்கியது. ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: தம்பி தங்கச்சிகளுக்கு மாயாவியைக் கொடுப்போம். பிளாஸ்கோவின் கோடுகளைப் பார்த்து வரையச் சொல்வோம். ஆர்ச்சியையும் கொடுப்போம், ஆனால் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகமாட்டோம். கூட உட்கார்ந்து படித்து, அந்த ஈட்டிக்காரர்கள் யார், அவர்கள் ஊர் எங்கே, அவர்கள் பக்கம் நின்று இந்தக் கதையைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்போம்.

அதோடு நாமும் வரையணும். விஞ்ஞானக் கதைக்கு இந்த மலையில் விசயம் குறைவா? நீர்த்தேக்கத்துக்கு அடியில் ஒரு டவுன் இருக்கிறது. மலைக்குள்ளே கிலோமீட்டர் கணக்கில் தண்ணீர் ஓடுகிற சுரங்கம் இருக்கிறது. கொழுந்து வெட்டுகிற மெஷின் தோட்டத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது, அது யாருடைய வேலையை எடுக்கும், யாருடைய முதுகைக் காப்பாற்றும் என்று யாரும் இன்னும் கதையாகச் சொல்லவில்லை. 2070இல் வட்டகொடை ஸ்டேஷனில் யார் இறங்குவார்கள், அந்த நேரம் லயம் இருக்குமா, நம்ம பேரில் காணி இருக்குமா? இதற்கு சிவகாசியில் இருந்தோ லண்டனில் இருந்தோ பதில் வராது.

முதலில் எட்டுப் பக்கம் போதும். கறுப்பு வெள்ளை போதும், ஃபோட்டோகொப்பி எடுத்துக்கொள்ளலாம். வரையத் தெரிந்தவர்கள், கதை சொல்லத் தெரிந்தவர்கள், எழுத்து அழகாக இருக்கிறவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். முக்கியமாகத் தங்கச்சிமார். வீட்டில் பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.